காலைச் சர்க்கரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பற்றியவை. பலர் காலை அளவை மட்டும் எழுதிவிட்டு, இரவு படுக்கும்போது எவ்வளவு இருந்தது என்பதை விட்டுவிடுகிறார்கள். அது தெரியாமல் காலை அளவுக்குப் பொருள் சொல்ல முடியாது என்பதை மறுபடியும் நினைவூட்டுகிறேன்.

இரவு எட்டு மணிக்கு மூன்று இட்லியோடு முடித்துக்கொள்கிறேன். படுக்கும்போது 130 இருக்கும் சர்க்கரை காலை ஆறு மணிக்கு 165 ஆகிவிடுகிறது. இடையில் தண்ணீர் தவிர எதுவும் இல்லை. எப்படி ஏறுகிறது? (வாசகர், திருச்சி)

இரண்டு அளவுகளையும் நேரத்தையும் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. கூடுதலாக வந்த சர்க்கரை இட்லியிலிருந்து வந்ததல்ல, உங்கள் கல்லீரலிலிருந்து வந்தது. இரவில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனின் விளைவும், விடியற்காலை மூன்று மணிக்கு மேல் கூடும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் சேர்ந்து, கல்லீரல் அதிகக் குளுக்கோஸை இரத்தத்தில் விடும்படி செய்கின்றன. சர்க்கரை நோய் இல்லாதவருக்குக் கணையம் அதற்கேற்ற இன்சுலினைச் சுரந்து சரிக்கட்டிவிடும்; உங்களுக்கு அது போதவில்லை. இரவு உணவை அடியோடு விடுவது இதற்குத் தீர்வாகாது. கல்லீரலின் இந்த வெளியீட்டைக் குறைக்கும் மருந்து மெட்ஃபார்மின் என்பதால், அதை இரவு உணவோடு எடுக்கலாமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். சாப்பிட்ட பின் கால் மணி நேரம் நடப்பதும் உதவும். பெரும்பாலானோருக்குக் காலை இலக்கு 80 முதல் 130 வரை.

காலையில் 180 இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்? (வாசகர், சேலம்)

படுக்கும்போது 250 இருந்திருந்தால் குறை இரவு உணவில். 120 இருந்திருந்தால் கல்லீரலில். வயது, மாத்திரையின் பெயர், உணவு நேரம் எதையும் நீங்கள் எழுதவில்லை. மூன்று நாள் இரவும் காலையும் பார்த்து, அனைத்தையும் குறித்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் செல்லுங்கள்.

சர்க்கரை போடாத காபி குடித்துவிட்டு வெறும் வயிற்றுச் சோதனை செய்யலாமா? (வாசகி, கும்பகோணம்)

கூடாது. பாலிலும் சர்க்கரை உண்டு. எட்டு மணி நேரம் தண்ணீர் மட்டுமே.

ஆய்வகத்தில் 142, அதே நேரத்தில் வீட்டுக் கருவியில் 158. எது பொய்? (வாசகர், கோயம்புத்தூர்)

இரண்டுமே ஏற்கத்தக்கவை. நல்ல குளுக்கோமீட்டருக்கும் ஏறக்குறைய 15 விழுக்காடு வித்தியாசம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஆய்வகத்தில் எடுத்த இரத்தம் உடனே பிரிக்கப்படாமல் காத்திருந்தாலும், இரத்த அணுக்கள் குளுக்கோஸைச் செலவழிப்பதால் அளவு சற்று இறங்கும். வீட்டில் சோதிக்கும் முன் கையைச் சோப்பால் கழுவி நன்றாகத் துடையுங்கள். பழம் உரித்த விரலில் எடுத்த துளி பொய்யான உயர்வைக் காட்டும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள். பிடித்த எண் வரும்வரை மறுபடி மறுபடி குத்திப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

என் அம்மாவுக்கு வயது 72. காலையில் 190 வந்ததால் இரவு கிளிமிபிரைடு மாத்திரையை 2 மில்லிகிராமிலிருந்து 4 ஆக்கினேன். இப்போது நள்ளிரவில் வியர்த்து எழுகிறார், கனவில் கத்துகிறார், காலையில் தலைவலி என்கிறார். காலை அளவு இன்னும் 170தான். இரவுச் சாப்பாட்டையும் குறைக்கலாமா? (வாசகர், மதுரை)

குறைக்கக் கூடாது. கூட்டிய மாத்திரையை இன்றிரவு கொடுக்காதீர்கள். இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். நீங்கள் சொல்லும் வியர்வை, கெட்ட கனவு, காலைத் தலைவலி மூன்றும் இரவில் சர்க்கரை தாழ்ந்ததன் அடையாளங்களாக இருக்கலாம். கிளிமிபிரைடு, சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்சுலின் சுரக்கும்படி கணையத்தைத் தூண்டிக்கொண்டேயிருக்கும். முதியவருக்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்தின் வேலை இன்னும் நீளும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவு இரண்டு மூன்று மணிக்கு அளந்து பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி அளந்து, ஏறிய பின் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். இந்த வகை மாத்திரையால் தாழ்ந்த சர்க்கரை, ஏறிய பிறகும் சில மணி நேரத்தில் திரும்பத் தாழலாம் என்பதால் அவரைத் தனியே விடாதீர்கள். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

காலையில் கண்ட ஓர் எண்ணுக்காக வீட்டிலுள்ளவர்களே மாத்திரையைக் கூட்டுவதைப் பற்றி நான் எழுதாத மாதம் குறைவு. மருந்துக் கடையில் சீட்டுக் கேட்காமல் கொடுத்துவிடுவதும் இதற்குத் துணைபோகிறது. உயர்ந்த சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கெடுக்கிறது. தாழ்ந்த சர்க்கரையோ ஒரே இரவில் விழவைத்து இடுப்பெலும்பை முறிக்கும், உயிரையும் எடுக்கும். இரவில் தாழ்ந்ததால்தான் காலையில் ஏறுகிறது என்ற விளக்கத்தையும் பலர் எழுதுகிறார்கள். 1930களில் சொமோஜி என்ற அறிஞர் முன்வைத்த கருத்து அது. பின்னாளில் இரவு முழுவதும் அளந்து பார்த்தபோது, இரவில் தாழ்ந்தவர்களில் பெரும்பாலானோருக்குக் காலை அளவும் குறைவாகவே இருந்தது. ஆகவே ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள். உங்கள் அம்மாவின் வயதில் வேறு நோய்களும் இருந்தால் காலையில் 150 வரை இருப்பதை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். 100க்குக் கொண்டுவர வேண்டிய கட்டாயம் இல்லை.

வெந்தயத் தண்ணீர் குடிப்பதால் மாத்திரையை நிறுத்திவிடலாமா? (வாசகி, நாகர்கோவில்)

வெந்தயத்தைத் தொடருங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இரவு கிளார்ஜின் இன்சுலின் 24 யூனிட் போடுகிறேன். காலையில் 105. படுக்கும்போது 210. நன்றாக இருக்கிறதல்லவா? (வாசகர், வேலூர்)

காலை எண் நன்றாக இருக்கிறது. சிகிச்சை சரியாக இல்லை. ஓர் இரவில் 50க்கு மேல் இறங்கினால், இரவு உணவுக்குப் பின் ஏறிய சர்க்கரையை நீண்ட நேர இன்சுலினைக் கொண்டு இறக்குகிறீர்கள் என்று பொருள். ஒரு நாள் இரவில் சாப்பிடாமல் படுத்தால் இதே 24 யூனிட் ஆபத்தாகும். உங்களுக்கு மாற்றம் தேவைப்படுவது இரவு உணவிலும், அதற்கான மருந்திலும். அளவை நீங்களாக மாற்றாமல் இந்த இரண்டு எண்களையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சோதனைக்கு முந்தைய இரண்டு நாள் சோற்றைக் குறைத்துக்கொள்கிறேன்; முடிவு நன்றாக வருகிறது. தவறா? (வாசகர், தஞ்சாவூர்)

தவறு. அந்த எண்ணை நம்பி மருத்துவர் உங்களுக்குப் போதாத மருந்தை எழுதுவார். வெறும் வயிற்றில் 110 காட்டி, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c சோதனையில் 9 விழுக்காடு என்று வந்தால் விஷயம் வெளிப்பட்டுவிடும்; ஆனால் இரத்தசோகை உள்ளவருக்கு அந்தச் சராசரியும் சில வேளைகளில் வழிதவறச் செய்யும். எப்போதும் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள், முந்தைய இரவு மாத்திரையை விடாதீர்கள், காலை மாத்திரையை இரத்தம் கொடுத்த பிறகு உணவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.