ஜூலையில் பிறந்தவனை இந்த ஜூனில் சேர்க்கலாமா?

வணக்கம் ஐயா,

எங்கள் மகன் 2023 ஜூலை 18-ல் பிறந்தவன். அருகிலுள்ள மெட்ரிக் பள்ளியில் 2026 ஜூனில் எல்கேஜி சேர்க்கலாம், வயது சரியாக இருக்கிறது என்கிறார்கள். நன்றாகப் பேசுகிறான். ஆனால் மதியம் இரண்டு மணி நேரம் தூங்காவிட்டால் சமாளிக்க முடியாது. பாத்ரூம் போக வேண்டும் என்று சில நேரம்தான் சொல்கிறான். "அவன் வயசுப் பிள்ளைங்க எல்லாம் பள்ளிக்கூடம் போகுதே, நீ மட்டும் ஏன் வீட்டுல வச்சிருக்க?" என்று அத்தை தினமும் கேட்கிறார். கணவருக்கு மத்திய அரசு வேலை, மாற்றல் வரலாம். இன்னும் ஒரு வருடம் காத்திருந்தால் அவனுக்கு ஒரு வருடம் வீணாகிவிடுமா?

ஒரு வாசகி, கோவில்பட்டி

அன்புள்ள சகோதரிக்கு,

பள்ளி சொல்வது விதிப்படி சரிதான். தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூலை 31-ஐ வைத்துத்தான் வயதைக் கணக்கிடுகின்றன. அன்றைக்கு 3 வயது நிறைந்திருந்தால் எல்கேஜி, 5 நிறைந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. 2026 சேர்க்கைக்கு 1.8.2022 முதல் 31.7.2023 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்புக்கு வருவார்கள். உங்கள் மகன் அந்தக் கோட்டின் கடைசியில் நிற்கிறான். பள்ளி திறக்கும் நாளில் அவனுக்கு 34 மாதம். ஆகஸ்டில் பிறந்து அதே பெஞ்சில் உட்காரும் குழந்தைக்கு 46 மாதம். அத்தை சொல்லும் 'அவன் வயசுப் பிள்ளைகள்' அவன் இதுவரை வாழ்ந்த காலத்தைப் போல ஒன்றேகால் மடங்குக்கும் மேல் வாழ்ந்துவிட்டு வருகிறார்கள்.

இந்த வித்தியாசம் எங்கே கண்ணில் படும் என்றால், பென்சிலில். சாய்வில்லாத நேர்கோட்டைப் பார்த்து வரையக் குழந்தைக்குச் சுமார் இரண்டு, இரண்டரை வயதில் வருகிறது. மூடிய வட்டம் மூன்று வயதில், கூட்டல் குறி ஏறத்தாழ நான்கில், சதுரம் நாலரை ஐந்தில். இப்போது 'அ' எழுதிப் பாருங்கள். சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நிமிர்ந்த கோடு என எல்லாமே ஒரே எழுத்தில் இருக்கின்றன. நம் நெடுங்கணக்கின் முதல் எழுத்துதான் கைக்கு மிகக் கடினமான எழுத்துகளில் ஒன்று! 46 மாதக் குழந்தை அதை ஏதோ ஒரு மாதிரி எழுதிவிடும். 34 மாதக் குழந்தையின் கைக்கு வட்டத்தை மூடவே இன்னும் வராது. ஆசிரியர் கையைப் பிடித்து அழுத்தி எழுத வைப்பார், குழந்தை பென்சிலை முஷ்டியால் பிடிக்கப் பழகிவிடும், அந்தப் பிடியைப் பிறகு மாற்றுவது எளிதல்ல. 'ட', 'ப', 'ம' போன்ற எழுத்துகளில் தொடங்கும் பள்ளி என்றால் கொஞ்சம் நிம்மதி. 'ட'வுக்கு மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கோடு போதும்.

தூக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். 3 முதல் 5 வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து, நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். மூன்று நிறையாத குழந்தைக்குப் பகல் தூக்கம் பெரும்பாலும் இருக்கும். நான்கை நெருங்கும்போது பலருக்குத் தானாகவே குறையும். காலை ஏழரைக்கு ஸ்கூல் வேன், மாலை மூன்றரைக்கு வீடு என்றால் உங்கள் மகன் மதியம் அழுவான், அடிப்பான், பெஞ்சிலேயே சாய்வான். ஆசிரியர் டைரியில் எழுதும் 'அடம் பிடிக்கிறான்' என்பதற்குப் பின்னால் பாதி நேரம் இந்தத் தூக்கம்தான் இருக்கும்.

இந்த இடம்தான் எனக்கு மிகவும் வலிக்கிறது. வகுப்பில் இளையவன் என்பது யாருக்கும் நினைவில் நிற்பதில்லை; மந்தம், அடங்காதவன் என்ற பெயர் மட்டும் நின்றுவிடும். அமெரிக்காவில் செப்டம்பர் 1-ஐ எல்லையாக வைத்திருக்கும் மாநிலங்களில் ஆய்வு செய்து 2018-ல் வெளியிட்டார்கள். ஆகஸ்டில் பிறந்து வகுப்பிலேயே இளையவர்களாக இருப்பவர்களில் 10,000 பேருக்கு 85 பேர் ஏடிஎச்டி (கவனம் நிலைக்காத, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) என்று முத்திரை பெற்றிருந்தார்கள். செப்டம்பரில் பிறந்து, வகுப்பில் மூத்தவர்களாக இருப்பவர்களில் 64 பேர்தான். ஒரு மாத இடைவெளியில் பிறந்தவர்களின் மூளையில் அவ்வளவு வித்தியாசம் வராது. யாரோடு உட்கார வைத்தோம் என்பதுதான் வித்தியாசம். பல நாடுகளின் தேர்வு மதிப்பெண்களை ஒப்பிட்ட 2006 ஆய்வில், நான்காம் வகுப்பில் இளையவர்கள் பின்தங்கியிருந்தார்கள். எட்டாம் வகுப்பில் அந்த இடைவெளி குறைந்திருந்தது, முழுதாக மறையவில்லை. நார்வேயில் 18 வயது இளைஞர்களைப் பார்த்தபோது, எந்த வயதில் பள்ளி தொடங்கினார்கள் என்பதன் தாக்கம் மிகச் சிறியதாகவே இருந்தது. ஆகவே அனுப்பினால் வாழ்க்கையே போய்விடும் என்று பயப்பட வேண்டாம். கவலை முதல் ஐந்தாறு வருடங்களைப் பற்றியது.

காத்திருந்தால் அந்த வருடம் வீணாகாது. உங்கள் வீட்டு நிலைமையில் அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: மாற்றல். மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்கள் பிள்ளைகளைச் சேர்க்கும் கேந்திரிய வித்யாலயாவில் ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31 அன்று 6 வயது நிறைந்திருக்க வேண்டும் (ஏப்ரல் 1-ல் பிறந்தவர்களையும் ஏற்பார்கள்). உங்கள் மகனுக்கு 31.3.2029-ல் 5 வயது 8 மாதம்தான். அதனால் 2030 ஏப்ரலில்தான் அங்கே ஒன்றாம் வகுப்பு. இந்த ஜூனில் எல்கேஜி சேர்த்தால் அதே 2030 ஏப்ரலில் அவன் இங்கே இரண்டாம் வகுப்பை முடித்து மூன்றுக்குத் தயாராக நிற்பான். மேல் வகுப்புகளுக்கும் அங்கே குறைந்தபட்ச வயது உண்டு. மாற்றல் வந்த பிறகு இது தெரிந்து, குழந்தையை இரண்டு வகுப்பு பின்னால் உட்கார வைக்க நேர்வது கொடுமை. ஒரு வருடம் காத்திருந்தால் அந்த இடைவெளி ஒன்றாகக் குறையும். பின்னாளில் நீட் எழுதவும் தடை இல்லை. அதற்குச் சேரும் ஆண்டின் டிசம்பர் 31-ல் 17 வயது நிறைந்தால் போதும். இப்போது சேர்த்தாலும் அடுத்த வருடம் சேர்த்தாலும் அவனுக்கு அது நிறைந்துவிடும்.

ஒரே ஒரு நிலையில் என் பதில் மாறும். தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்குக் கல்வி உரிமைச் சட்டம் ஒதுக்கும் 25 சதவீத இடத்துக்கு நீங்கள் விண்ணப்பிப்பதாக இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அந்த ஒதுக்கீடு பள்ளியின் தொடக்க வகுப்புக்குத்தான், அதிலும் ஜூலை 31 எல்லை கறாராகப் பார்க்கப்படும். அடுத்த வருட எல்கேஜிக்கு 1.8.2023 முதல் பிறந்தவர்களைத்தான் எடுப்பார்கள். பதினான்கு நாளில் இடம் போய்விடும். அப்படியானால் இப்போதே சேருங்கள், ஆனால் முதல் நாளே ஆசிரியரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: பிறந்த தேதி, வகுப்பில் கடைசி மாதத்துக் குழந்தை, மதியம் தூங்குவான், முதல் பருவத்தில் பென்சில் வேண்டாம், முடிந்தால் அரை நாள். கட்டணம் கட்டிச் சேர்ப்பதாக இருந்தால், அடுத்த ஜூனில் ஏற்பார்களா என்று அந்தப் பள்ளியிடம் இப்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

காத்திருக்கும் வருடத்தில் வீட்டில் சும்மா வைக்காதீர்கள். அங்கன்வாடிக்கோ, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காத விளையாட்டுப் பள்ளிக்கோ அனுப்புங்கள். கோலப்பொடியைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் கிள்ளிப் போடச் சொல்லுங்கள். அதே பிடிதான் பின்னால் பென்சிலுக்கு வரும். பட்டாணி உரிக்கட்டும், பல்லாங்குழியில் புளியங்கொட்டை போடட்டும், ஈரத்துணி பிழியட்டும். டிபன் டப்பா மூடியைத் தானே திறக்க வேண்டும். திறக்க முடியாமல் பசியோடு திரும்பும் எல்கேஜி குழந்தைகள் எத்தனையோ பேர். பட்டன் வைத்த கால்சட்டையை விட்டு எலாஸ்டிக் போடுங்கள், பாத்ரூம் பிரச்சினையில் பாதி அங்கேயே தீரும்.

எல்லாவற்றையும் மாதத்தின் மேல் போட்டுவிடவும் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, மூன்று வயதில் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசாதது, முன்பு பேசிய சொற்களைப் பேசாமல் விட்டுவிடுவது ஆகியவற்றைப் பிறந்த மாதம் விளக்காது. உங்கள் மகன் நன்றாகப் பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. இதைப் படிக்கும் மற்ற பெற்றோர் அப்படி ஏதாவது கண்டால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடமோ, அரசு மருத்துவமனையோடு இணைந்த மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கோ போக வேண்டும்.

வேறு சிலரின் கடிதங்களில் பிறந்த தேதியை இரண்டு வாரம் நகர்த்தலாமா என்ற கேள்வி வருகிறது. தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்லி, தலைமையாசிரியரே மே, ஜூனில் ஒரு தேதி போட்ட காலம் போய்விட்டது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் என எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே வயதுக்கு ஆதாரம். உங்கள் மகன் அதற்கு முன் பிறந்தவன் என்றாலும் பள்ளியில் அதைத்தான் கேட்பார்கள். சான்றிதழை இன்றைக்கே எடுத்து, அதில் மகனின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தால், 12 மாதம் கடந்துவிட்டதால் தாமதக் கட்டணம் கட்டி, பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்திலேயே பெயரைச் சேர்த்துவிடுங்கள்.