மெம்பரேன் மேல் பழி போடலாமா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மெம்பரேன் (நுண்துளைச் சவ்வு வடிகட்டி) போட்டிருக்கிறோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி வருகிறது, அம்மோனியாவும் இல்லை, ஆனால் நைட்ரேட் அதிகமாம். மெம்பரேன் பழுதா?
- சென்னை வாசகர்

பதில்: பாவம், மெம்பரேனை விட்டுவிடுங்கள். அதன் துளைகள் 0.1 மைக்ரான் அளவில் இருக்கும். பாக்டீரியாவை நிறுத்தும், நீரில் கரைந்த நைட்ரேட்டை நிறுத்தாது. அம்மோனியா, நைட்ரேட் இரண்டிலும் இருக்கும் நைட்ரஜனை நீக்குவது பாக்டீரியாதான், அதுவும் இரண்டு கட்டமாக. காற்று ஊதும் தொட்டியில் ஒரு பாக்டீரியாக் கூட்டம் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும். மெதுவாக வளரும் இவை சேற்றோடு அடித்துப் போகாமல் மெம்பரேன் உள்ளேயே பிடித்து வைக்கிறது, அது பெரிய உதவி. சரி, உங்களிடம் இந்தப் பாதி ஒழுங்காக நடக்கிறது. அப்புறம் இன்னொரு கூட்டம் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்க ஆக்சிஜன் இல்லாத தொட்டி வேண்டும், தின்பதற்குக் கழிவிலுள்ள கரிமப் பொருளும் வேண்டும். மெம்பரேன் அடைத்துக்கொள்ளாமலிருக்க அடியில் ஓயாமல் காற்று விடுவார்களே, அங்கிருக்கும் பாக்டீரியா நிறைந்த சேற்றை நேராக இந்த ஆக்சிஜன் இல்லாத தொட்டிக்குத் திருப்பினால் ஆக்சிஜனும் கூடவே வரும், பாக்டீரியா அதைத்தான் முதலில் எடுக்கும், நைட்ரேட்டைத் தொடாது. திருப்பிவிடும் குழாய் எந்தத் தொட்டியில் விழுகிறது என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். முதலில் காற்றுத் தொட்டிக்கு விட்டு, அங்கிருந்து ஆக்சிஜன் இல்லாத தொட்டிக்கு அனுப்பிப் பார்க்கலாம்.