டெக்சாஸில் வீட்டு மதிப்பைக் குறைக்கச் சொன்னால் பள்ளிக்கு நஷ்டமா?

வணக்கம். வீட்டு மதிப்பு ஏறியும் உங்கள் பள்ளி மாவட்டம் ஆசிரியர்களைக் குறைக்கிறது, இந்த நேரத்தில் வரிக்காகப் போட்ட வீட்டு மதிப்பை எதிர்த்து புரோட்டஸ்ட் (முறையீடு) செய்தால் பிள்ளைகளின் பள்ளிக்கு அடியாகுமோ என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் செய்யுங்கள்.

டெக்சாஸில் பள்ளியின் அன்றாடச் செலவுக்கான தொகையை முடிவு செய்வது வீட்டு விலை அல்ல, வருகை தரும் மாணவர் எண்ணிக்கை. உள்ளூர் வரி கூடினால் மாநிலம் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். உள்ளூர் வரி அந்தத் தொகைக்கும் மேல் போனால், 1993-ல் வந்த சட்டப்படி உபரியை வாங்கிக்கொள்ளும். ஒரு மாணவருக்கான அடிப்படைத் தொகையோ 2019-லிருந்து 6,160 டாலரிலேயே நின்றது. 2025-ல் கூடியது 55 டாலர். ஆசிரியர் சம்பளத்துக்குத் தனியாகக் கொடுத்தார்கள், சரி. ஆனாலும் இத்தனை வருட விலைவாசிக்கு இது போதவே போதாது. கோபப்பட வேண்டிய இடம் இதுதான்.

ஊர் முழுக்க மதிப்பீடு சந்தை விலையைவிட ரொம்பக் குறைந்தால், கம்ப்ட்ரோலர், அதாவது மாநில நிதி அதிகாரி, போடும் மதிப்பை வைத்து மாநிலம் உதவியைக் கணக்கிடலாம்; அது மாவட்டத்தைப் பாதிக்கலாம். உங்கள் ஒரு வீட்டால் அது வராது.

புரோட்டஸ்ட் செய்யக் கடைசி நாள் மே 15, அல்லது மதிப்பு நோட்டீஸ் அனுப்பிய 30-ஆம் நாள், எது பிந்தியதோ அது. அப்புறம், ஹோம்ஸ்டெட் விலக்கு (சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகை) பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.