பழைய சேலையும் இட்லித் தட்டும் போதும், கொக்கியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். தெருவில் கிடந்த நாட்டு நாய்க்குட்டியை எடுத்து வளர்க்கிறோம், இப்போது ஐந்து மாதம். செருப்பு, மிதியடி எதையும் விட்டுவைப்பதில்லை. கூப்பிட்டாலும் வருவதில்லை. கடையில் விற்கும் பொம்மைகளும் பயிற்சிச் சாமான்களும் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. வீட்டிலேயே செய்ய முடியுமா? மொட்டை மாடியில் கம்பு கட்டித் தாண்டப் பழக்கலாம் என்கிறான் மகன். சரியா?

பதில்: பெரும்பாலானவற்றை வீட்டிலேயே செய்துவிடலாம். ஒரே ஒரு பொருளை மட்டும் நல்ல கடையில் காசு கொடுத்து வாங்குங்கள். அது எது என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் செருப்பு. குட்டியின் 28 பால் பற்களும் விழுந்து 42 நிலைப் பற்கள் முளைக்கும் காலம் இது. ஏறக்குறைய ஏழாம் மாதம் வரை ஈறு ஊறிக்கொண்டே இருக்கும், எதையாவது கடித்தே ஆகவேண்டும். அடித்தால் நிற்காது, கடிக்கத் தகுந்த பொருளைக் கொடுத்தால் திரும்பும். பழைய செருப்பையோ சாக்ஸையோ மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பழையது எது, நேற்று வாங்கியது எது என்று அதற்கு எப்படித் தெரியும்?

நைந்து போகாத பருத்திச் சேலை அல்லது வேட்டியை நான்கு விரல் அகலத்தில், மூன்றடி நீளத்தில் கிழியுங்கள். ஆறேழு பட்டைகளைச் சேர்த்து ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, மூன்றாகப் பிரித்து ஜடை பின்னுவது போல இறுக்கமாகப் பின்னி மறுமுனையையும் முடியுங்கள். தண்ணீரில் நனைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் ஈறுக்கு இதமாக இருக்கும். நீங்கள் ஒரு முனை, குட்டி மறுமுனை என்று இழுத்து விளையாடுங்கள். ‘விடு’ என்றதும் விட்டால் ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுங்கள். விளையாட்டு முடிந்ததும் எடுத்து வைத்துவிட வேண்டும்.

இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. நூலோ நாரோ வயிற்றுக்குள் போய் ஓரிடத்தில் சிக்கினால், குடல் அதன் மேல் சுருங்கிச் சுருங்கி அறுபட்டுவிடும், உயிருக்கே ஆபத்து. அதனால் பின்னல் பிரியத் தொடங்கினால் குப்பையில் போடுங்கள். தேங்காய் நார்க் கயிறு வேண்டாம். முதுநகர் துறைமுகப் பக்கம் கிடைக்கும் பழைய வலைக் கயிறும் வேண்டாம், நைலான் இழை ஈறைக் கிழிக்கும். மலத்தோடு நூல் தொங்குவதைப் பார்த்தால் கையால் இழுக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

அடுத்தது மூளைக்கு வேலை. இட்லித் தட்டின் ஒவ்வொரு குழியிலும் சிறு தீனி வைத்து, மேலே ஒரு டென்னிஸ் பந்தை வையுங்கள். மோந்து, பந்தைத் தள்ளி, எடுத்துத் தின்னும். பத்து நிமிடம் இப்படித் தேடினாலே குட்டி களைத்துப் படுப்பதைப் பார்க்கலாம். பந்து வாய்க்குள் முழுதாகப் போகாத அளவில் இருக்கவேண்டும். மேல் ரோமம் பல்லைத் தேய்க்கும் என்பதால் மென்று கொண்டிருக்க விடாதீர்கள். தீனி பட்டாணி அளவு போதும், அன்றாடச் சாப்பாட்டிலிருந்தே எடுங்கள். கருவாடு வேண்டாம், அவ்வளவு உப்பு ஆகாது. திராட்சையும் வெங்காயமும் நாய்க்கு விஷம்.

கூப்பிட்டால் வரவைக்க நீளக் கயிறு வேண்டும். பை தைக்கும் கடையில் பை வாருக்கான பட்டை மீட்டர் கணக்கில் கிடைக்கும். ஏழெட்டு மீட்டர் வாங்கி, முனையில் கொக்கி கோத்து, நான்கைந்து வரிசை தையல் போடச் சொல்லுங்கள். நான் காசு கொடுத்து வாங்கச் சொன்னது இந்தக் கொக்கியைத்தான். பயிற்சி கொடுக்கத் தொடங்கிய புதிதில் கைப்பைக்குப் போடும் மெல்லிய கொக்கியைக் கயிற்றில் மாட்டியிருந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஹாரன் சத்தத்துக்கு நாய் துள்ளியது, கொக்கி விரிந்தது, என் கையில் வெறும் கயிறு. பஸ் ஓட்டுநர் பிரேக் போட்டதால் அது பிழைத்தது. இன்றும் புதுக் கொக்கி வாங்கினால் மரத்தில் மாட்டி என் முழு எடையையும் சாய்த்து இழுத்துப் பார்க்காமல் நாய்க்குப் போடுவதில்லை.

நீளக் கயிற்றைக் கழுத்துப் பட்டையில் மாட்டாதீர்கள். ஓடிப் போய் முனையில் வெட்டி நின்றால் கழுத்து அடிபடும், மார்புப் பட்டையில் மாட்டுங்கள். உங்கள் கையிலும் சுற்றிக்கொள்ள வேண்டாம். முதலில் வீட்டுக் கூடம், பிறகு மாடி, தடுப்பூசிகள் முடிந்த பிறகு சில்வர் பீச். வெயில் தாழ்ந்து மணல் ஆறிய பிறகு போங்கள். பெயரைச் சொல்லுங்கள், திரும்பிப் பார்த்து வந்தால் தீனியும் தட்டிக்கொடுத்தலும். கயிற்றைப் பிடித்து மீன் இழுப்பது போல இழுத்தால் பயிற்சி ஆகாது, குட்டி ஓடிப்போகாமல் இருக்க மட்டும்தான் கயிறு. குளிப்பாட்டவோ திட்டவோ கூப்பிடாதீர்கள், நீங்களே போய்த் தூக்கிக்கொள்ளுங்கள்.

மகனின் ஆசைக்கு வருகிறேன். எலும்பின் வளரும் முனைகள் இன்னும் மூடவில்லை, ஒரு வயதாவது ஆகட்டும். சிமெண்டுத் தரையில் குதித்து இறங்குவது இப்போது மூட்டுக்குக் கெடுதல். அதுவரை நான்கைந்து சவுக்குக் குச்சிகளைத் தரையிலேயே ஓரடி இடைவெளியில் படுக்க வைத்து, மெதுவாகக் கால் எடுத்துவைத்து நடக்கப் பழக்கட்டும். பாதி மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில்களை இரண்டடிக்கு ஒன்றாக நிறுத்தி, கையில் தீனியோடு வளைந்து வளைந்து கூட்டிப் போகலாம். மாடிக் கைப்பிடிச் சுவரில் குட்டி நுழையும் அளவுக்குச் சந்து இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.