ஹிக்கின்பாதத்தில் பாதம் இல்லை

கேள்வி: சென்னை அண்ணா சாலையிலுள்ள ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையின் பெயரில் வருவது வடமொழிப் 'பாதம்'தானே? 'ஹிக்கினுடைய பாதம்' என்று நான் பொருள் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: நண்பர்கள் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. தமிழில் 'பாதம்' என்று அச்சாகிவிட்ட ஒரே காரணத்துக்காக, 1844-இல் அந்தக் கடையைத் தொடங்கிய ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதத்தின் காலில் நாம் விழ வேண்டியதில்லை.

அது ஊரால் வந்த குடும்பப் பெயர். வட இங்கிலாந்தின் லங்காஷயரில், போல்டன் பகுதியில் ஓக்கன்பாட்டம் என்றோர் இடம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் 'ஆக்கென்' ஓக் மரத்தைக் குறிக்கும். 'பாட்டம்', 'பாதம்' என இரு வடிவிலும் வழங்கிய சொல் அகன்ற பள்ளத்தாக்கைக் குறிக்கும். இடைக்காலத்தில் இப்பெயர் ஈக்கன்பாட்டம், இக்கன்பாட்டம் என்று திரிந்து, ஓக் மரம் மறந்துபோனபின், ரோவன் மரத்துக்கு அந்த வட்டாரத்தில் வழங்கிய 'ஹிக்கின்' என்ற சொல்லோடு குழம்பிவிட்டது என்று கொள்வதே பொருத்தம். ஆகவே ஹிக்கின் என்ற ஆளும் இல்லை, அவருக்குக் காலும் இல்லை. கிரிக்கெட் வீரர் இயான் போத்தமின் பெயரும் இதே பள்ளத்திலிருந்து வந்ததுதான். செட்டிநாட்டுப் பள்ளத்தூரைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் 'பாட்டம்' என்றதும் சிரிப்பது வேறு கதை.

'பாட்டம்' என்ற சொல்லுக்கு வடமொழி உறவு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், 'அடிப்பகுதி' என்று பொருள்படும் 'புத்ந' என்ற சொல்லைக் காட்டலாம். பாதத்துக்கு ஆங்கிலத்தில் உறவு 'ஃபுட்'தான்.

ஒருவரைச் சொந்த ஊரில் யாரும் ஊர்ப்பெயரால் அழைப்பதில்லை. தஞ்சாவூர்க்காரர் மதுரைக்குப் போன பிறகுதான் 'தஞ்சாவூரார்' ஆகிறார். ஓக்கன்பாட்டத்தை விட்டு வெளியேறியவர்களும் அப்படித்தான் இப்பெயரைப் பெற்றிருக்க வேண்டும். வேர் ஒரே சிற்றிடம் என்பதால் பெயர் அரிதாகவே இருக்கிறது. லங்காஷயர், செஷயர், டெர்பிஷயர் என அடுத்தடுத்த மாவட்டங்களில்தான் நெடுங்காலம் செறிந்திருந்தது. தேவாலயப் பதிவேடு எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் ஹிக்கின்பாட்டம், ஹெகின்பாதம், ஹிக்கன்பாட்டம் என்று பல கிளைகளும் உண்டு.

நீங்கள் தேடிய 'உடைய' என்ற உருபு, கேட்காமல் விட்ட கடைசி 'ஸ்' எழுத்தில் இருக்கிறது: ஹிக்கின்பாதத்தினுடைய கடை.