கணினி நன்கு தெரிந்தவருக்கு ஏஐ ஏன் கைகொடுப்பதில்லை?

கேள்வி: எக்செல்லில் எங்கள் அலுவலகத்துக்கே நான்தான் சொல்லித் தருகிறேன். ஆனால் சாட்ஜிபிடியிடம் நான் கேட்டால் பொத்தாம்பொதுவான மெயில்தான் வருகிறது. கணினிப் பழக்கம் குறைந்த, உடன் வேலை செய்யும் மூத்த அக்கா கேட்டால் அப்படியே அனுப்பும்படி வருகிறது. இருவரும் கேட்டதை இணைத்திருக்கிறேன். நான் எந்தப் பயிற்சியில் சேரலாம்? (ஆயத்த ஆடை ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், திருப்பூர்)

பதில்: கணினிப் பயிற்சி எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. நீங்கள் எழுதியது, ‘ஷிப்மென்ட் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு பையருக்கு மெயில் எழுது’ என்ற ஒற்றை வரி (பையர் என்றால் ஆர்டர் கொடுத்தவர்). அக்காவோ, சாயப்பட்டறையில் ஒரு நிறம் மட்டும் சரியாக வராததால் பத்து நாள் தாமதம், மற்ற இரு நிறங்கள் பேக்கிங் முடிந்து தயார், இந்தப் பையர் நீளமான மெயிலைப் படிக்கமாட்டார், விமானத்தில் அனுப்பச் சொல்லிவிடுவாரோ என்பதே நம் கவலை என்று, நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கு விளக்குவதுபோல் எழுதியிருக்கிறார். விமானச் செலவு நம் தலையில் விழுந்தால் அந்த ஆர்டரின் லாபமே போய்விடும் என்பது உங்களுக்கும் தெரியும். தெரிந்ததாலேயே சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

எதிரே இருப்பவருக்கு என்ன தெரியாது என்று ஊகிக்கும் இந்தத் திறனைப் பற்றி, ஆய்வாளர்கள் கிறிஸ்டோஃப் ரீடல், பென் வைட்மன் ஆகியோர் 667 பேரின் தரவுகளைக் கொண்டு 2025இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தனியாகக் கேள்விகளுக்கு விடை காண்பதில் அத்திறன் பெரிதாக உதவவில்லை. ஏஐயுடன் சேர்ந்து செய்யும்போதோ அது மிகுந்தவர்களே கூடுதலாகச் சாதித்தனர். ஒரே நபரிடமும் அது கேள்விக்குக் கேள்வி கூடிக் குறைந்தது என்பதே எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது, ஏனெனில் பிறவிக் குணமாக இருந்தால் அப்படி மாறாது. ஆகவே அடுத்த மெயிலுக்கு முன், விஷயத்தைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் வாயால் சொல்லுங்கள். அவர் குறுக்கிட்டுக் கேட்பவற்றுக்கான விடைகளைச் சேர்த்துத் தட்டச்சு செய்யுங்கள்.

ஓரிடத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. மனிதர் நமக்காகத் தலையாட்டினால் முகத்தில் தெரிந்துவிடும். ஏஐயிடம் பார்ப்பதற்கு முகம் இல்லை. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஒரு புதுப்பிப்பு, எதற்கெடுத்தாலும் பயனரைப் புகழ்ந்து ஆமாம் போட்டதால், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் அதைத் திரும்பப் பெற நேர்ந்தது. எனவே ‘இந்த மெயில் நன்றாக இருக்கிறதல்லவா?’ என்று கேட்காமல், ‘நீ அந்தப் பையராக இருந்தால் இதில் எந்த வரி உனக்குக் கோபம் தரும்?’ என்று கேளுங்கள்.