மஞ்சள் வைத்தும் ஆறாத புண்

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 64 வயது, பல வருடமாகச் சர்க்கரை. வலது உள்ளங்காலில், கட்டைவிரலுக்குக் கீழே ஒரு புண். ஆறு வாரமாகியும் மூடவில்லை. வலியே இல்லை என்று சொல்லி வீடெல்லாம் நடக்கிறார். அத்தை சொன்னபடி தினமும் மஞ்சள்தூளை வைத்துக் கட்டுகிறோம். ஜாத்யாதி தைலம் போட்டால் சீக்கிரம் மூடிவிடும் என்கிறார்கள். போடலாமா?
- ஒரு வாசகி

பதில்: மஞ்சள்தூளை வைத்து அடைப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள் அம்மா. தைலத்துக்கு அப்புறம் வருகிறேன்.

மஞ்சளுக்குக் காயத்தை ஆற்றும் குணம் உண்டு, அதில் சந்தேகமில்லை. அந்தக் குணத்துக்கு அமெரிக்காவில் 1995-இல் காப்புரிமை கொடுத்தார்கள். அது நம் பழைய அறிவு என்று நம் அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். வாதாடி, 1997-இல் ரத்து செய்ய வைத்தது. ஆனால் ஆழமான புண்ணுக்குள் சமையலறைத் தூளைத் திணிப்பது வேறு விஷயம். இப்படிக் கட்டிக்கொண்டு வருகிறவர்களின் துணியைப் பிரித்தால், தூள் புண்ணின் நீரோடு சேர்ந்து இறுகி, ஓடு மாதிரி காய்ந்திருக்கும். வெதுவெதுப்பான கஷாயத்தில் நனைத்து மெல்ல எடுத்தால் அடியில் சீழ் நிற்கும். மேலே பார்ப்பவர்களுக்குப் புண் காய்ந்து வருவதாகத்தான் தோன்றும்.

பழங்கால ஆயுர்வேத அறுவை மருத்துவ நூலை எழுதிய சுஷ்ருதர் புண்ணுக்கு 60 வகைச் சிகிச்சைகள் சொல்கிறார். அவற்றில் நான் விடாமல் பிடித்துக்கொள்வது ஒரு வரிசை: முதலில் சுத்தப்படுத்து, அதன் பிறகே சதை வளர்க்கும் மருந்தைப் போடு. புண் எப்போது சுத்தமானது என்பதையும் கண்ணால் பார்த்துச் சொல்லும்படி எழுதியிருக்கிறார். நாக்கின் நிறத்தில், மிருதுவாக, வழவழப்பாக, கசிவில்லாமல் இருக்க வேண்டும். ஆறத் தொடங்கிய புண்ணின் ஓரம் புறாவின் நிறத்துக்கு வரும். இன்றைக்கும் விளக்கைப் பிடித்து நான் முதலில் பார்ப்பது இவற்றைத்தான்.

வலி இல்லாமல் இருப்பதையும் சுத்தமான புண்ணின் அடையாளமாக அவர் சேர்க்கிறார். உங்கள் அப்பாவிடம் மட்டும் அதை நம்பாதீர்கள். சர்க்கரையால் நரம்பு மரத்துப் போனவருக்கு எலும்பு வரை புண் போனாலும் வலிக்காது. வலிக்காததால் நடக்கிறார், நடக்க நடக்க உடம்பின் பாரம் அதே இடத்தில் இறங்கி, புதிதாக வளரும் சதையை நசுக்குகிறது. மதுமேகம், அதாவது சர்க்கரை நோய், உள்ளவர்களின் புண் லேசில் ஆறாது என்று சுஷ்ருதரே எச்சரித்திருக்கிறார்.

அதனால் இந்த வாரமே நீரிழிவுப் பாதத்தைப் பார்க்கும் அறுவை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பாதத்துக்கு ரத்தம் சரியாகப் போகிறதா, எலும்பில் தொற்று இருக்கிறதா என்று பார்க்கட்டும். சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தவே கூடாது. அந்த இடத்தில் பாரம் படாத காலணிக்கும் அவரிடமே கேளுங்கள். துர்நாற்றம், காய்ச்சல், கறுத்த விரல், மேலே ஏறும் சிவப்பு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வாரம் பார்க்காதீர்கள், அன்றைக்கே கிளம்புங்கள்.

சரி, தைலம். ஜாத்யாதி நல்ல மருந்து. பிச்சி இலை, வேம்பு, மஞ்சள், மஞ்சிட்டி, அதிமதுரம் எல்லாம் அதில் சேரும்; மயில்துத்தம் என்ற செம்பு உப்பும் சேரும் என்பதால் வெளிப்பூச்சுக்கு மட்டும்தான். புண் சுத்தமாகி, ரத்த ஓட்டம் சரி என்று தெரிந்த பிறகு, புண்ணை நேரில் பார்த்த ஆயுர்வேத மருத்துவர் சொன்னால் போடலாம். திரிபலா கஷாயத்தால் கழுவுவதும் அவர் சொன்ன பிறகுதான். அன்றன்று காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்தது வேண்டும். நேற்றைய கஷாயத்தைப் புண்ணில் ஊற்றாதீர்கள்.

கேள்வி: தீக்காயம் ஆறிய இடம் வெளுத்திருக்கிறது. பழைய நிறம் வருமா?
- ஒரு வாசகர்

பதில்: மேலோட்டமான காயமென்றால் பெரும்பாலும் மெல்ல வரும். ஆழமாக வெந்து நிறம் தரும் செல்கள் அழிந்திருந்தால் முழுதாக வராது. சுஷ்ருதர் புண்ணுக்குச் சொன்ன 60 சிகிச்சைகளில் வெளுத்த தழும்பைக் கறுக்க வைப்பதும் ஒன்று. ஆனாலும் பூச்சு மருந்தால் முழு நிறமும் திரும்பும் என்று உங்களிடம் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வல்லாரை சேர்ந்த பூச்சு தழும்பை மென்மையாக்க உதவலாம். ஆறிய தோல் உள்ளுக்குள் மாறி முடிய ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகும். அதுவரை வெயில் படாமல் மூடி வையுங்கள். தழும்பு தடித்து மூட்டை மடக்க விடாமல் இழுத்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், உடனே காட்டுங்கள்.